அளவுக்குள் இருந்த இரத்தம்

தூத்துக்குடியில் ஒரு பெண்கள் கல்லூரியில் நான் உயிர்வேதியியல் நடத்துகிறேன். மூளையில் ஒரு நரம்பு அடுத்த நரம்புக்குச் செய்தி கடத்தும் வேதிப்பொருள்களைப் பற்றி மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு ஒரு பாடம் உண்டு. மீனிலும் முட்டையிலும் பருப்பிலும் இருக்கிற டிரிப்டோபான் என்ற அமினோ அமிலம் இரண்டு படிகளில் செரோடோனினாக மாறுவதைக் கரும்பலகையில் வரைந்து காட்ட வேண்டும். வருடக்கணக்காக வரைந்து வருவதால் புத்தகம் பார்க்காமலே கை போகும். ஒரு நாள் காலை, முதல் படியை வரைந்து முடித்த இடத்தில் அந்தக் கை நின்றுவிட்டது.

மறதி என்றால் எனக்குச் சமாதானமாக இருந்திருக்கும். அடுத்த அம்புக்குறி எங்கே போக வேண்டும், எந்த நொதி அங்கே வேலை செய்கிறது, எல்லாம் தெரிந்தது. அதை எதற்காக வரைய வேண்டும் என்பதுதான் தெரியவில்லை. சாக்பீஸைப் பிடித்தபடி பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முன் பெஞ்சிலிருந்து ஒரு பிள்ளை எழுந்து வந்து, "தண்ணி குடிக்கீங்களா மேடம்?" என்று பாட்டிலை நீட்டினாள். வாங்கிக்கொண்டேன். மூடியைத் திருகக்கூட அலுப்பாக இருந்தது. வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஆசிரியர் அறையில் போய் உட்கார்ந்தேன். அழுகை வரவில்லை. துக்கம் என்று பெயர் சொல்லும்படி எதுவும் இல்லை.

அதற்கு முந்தைய மழைக்காலத்தில் எங்கள் தெருவில் தண்ணீர் நாள்கணக்காகத் தேங்கிக் கிடந்தது. வடிந்த பிறகு வீட்டுக்கு வீடு காய்ச்சல். எனக்கும் வந்தது. மூட்டுகளெல்லாம் கழன்று விழுவதுபோல் வலித்தது. காய்ச்சல் விட்டது, வலியும் போயிற்று. ஆனால் நான் பழைய ஆளாகத் திரும்பி வரவில்லை. முதலில் காபியின் மணம் போனது. மூக்கு நன்றாகத்தான் இருந்தது, மணம் வந்துகொண்டுதான் இருந்தது, அது எனக்கு ஒன்றும் செய்யவில்லை. பிறகு குளிப்பது பெரிய வேலையானது. தலைக்குத் தண்ணீர் ஊற்றி, சோப்புப் போட்டு, துடைத்து, சேலை கட்டி என்று ஒவ்வொன்றையும் மனதில் அடுக்கிப் பார்த்தே களைத்துப்போவேன். விடியும் முன்பே விழிப்பு வந்துவிடும். மாலையில் சற்றுத் தேவலை போலிருக்கும். மறுநாள் காலை மறுபடி நெஞ்சில் கல்.

என் கணவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். கப்பலிலிருந்து நிலக்கரி இறக்கும் நாட்களில் எவ்வளவு குளித்தாலும் காதோரத்தில் கரி ஒட்டியிருக்கும். அதிகம் பேசாத மனிதர். நான் சமைப்பதை நிறுத்தியதும் அவரே சமைக்கத் தொடங்கினார். ஒரு மதியம் சாளை மீன் குழம்பு வைத்துத் தட்டில் போட்டுக் கொடுத்தார். நான் பிசைந்துகொண்டே இருந்தேன்.

"என்னளா, வாய்க்கு வெளங்கலையா?"

"நல்லாத்தான் இருக்குங்க."

"பின்ன ஏன் திங்க மாட்டேங்க? காலேஜ்ல யாரும் ஏதும் சொன்னாகளா?"

"ஒண்ணும் சொல்லல."

"நா ஏதும் சொல்லிட்டேனா?"

அதற்கும் இல்லை என்றேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு நிரந்தர வேலை இருந்தது. சொந்த வீடு இருந்தது. குடிக்காத புருஷன், ஒழுங்காகப் படிக்கிற ஒரே மகள். காரணம் தேடுகிறவர்களுக்கு என் வாழ்க்கையில் ஒரு துரும்புகூட அகப்படாது. நானே தேடிப் பார்த்துச் சலித்திருந்தேன்.

இரத்தசோகையாக இருக்கும் என்று அவர் முடிவு செய்து பரிசோதனைக்கு அழைத்துப் போனார். ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை, பி12, வைட்டமின் டி என்று எல்லாவற்றுக்கும் இரத்தம் எடுத்தார்கள். மாலையில் முடிவு வந்தது. எல்லாமே அளவுக்குள். இப்படி வந்தால் யாரும் சந்தோஷப்படுவார்கள், அவரும் சந்தோஷப்பட்டார். ஸ்கூட்டரில் வரும்போது, "ஒண்ணும் இல்லளா, ஒடம்பு கல்லு மாதிரி இருக்கு, நீயா மனச அலட்டிக்காத" என்று பின்னால் திரும்பித் திரும்பிச் சொன்னார். ஏதாவது ஓர் எண் கூடியோ குறைந்தோ இருந்திருக்கக் கூடாதா என்று நான் நினைத்தேன். இரத்தத்தில் ஒன்றும் இல்லை என்றால் குறை என்னிடம்தான் என்று ஆகிவிடுகிறது. அன்றிலிருந்து என்னைப் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் அதையே வேறு வேறு சொற்களில் சொன்னார்கள். வெளியே போய்வா, பாட்டுக் கேள், பிள்ளைக்காகவாவது எழும்பி நட.

செய்தி கேட்டு மணப்பாட்டிலிருந்து அம்மா வந்தாள். நான் படுத்திருந்த கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து என் கணுக்காலைப் பிடித்துக்கொண்டாள். பிறகு என் கணவரிடம், "மாப்ள, நா இவள ஊருக்குக் கூட்டிட்டுப் போறேன். கோயில்ல நாலு பூச கண்டா சரியாப் போவும்" என்றாள். மருத்துவ விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு அம்மாவுடன் பஸ் ஏறினேன்.

மணப்பாட்டில் எங்கள் வீடு கடலுக்கு மிக அருகில். அந்த வீட்டில் அம்மாவும் அவளுடைய தம்பியும் இருந்தார்கள். மாமாவுக்கு அறுபது தாண்டியிருந்தது. இளம் வயதில் மாலுமியாக வெளிநாட்டுக் கப்பல்களில் போனவர். ஒரு பயணத்தின் நடுவில் எழுந்து வேலைக்குப் போக மாட்டேன் என்று படுத்துவிட்டார் என்றும், ஏதோ ஒரு துறைமுகத்தில் இறக்கி விமானத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்றும் சொல்வார்கள். அதன்பின் கப்பல் இல்லை. கல்யாணமும் இல்லை. நல்லபடியாக இருக்கிற காலத்தில் வலை பின்னுவார், கோயில் திருவிழாவுக்குப் பந்தல் போடுவார், சிறுவயதில் எங்களைத் தோளில் தூக்கிக்கொண்டு கடற்கரைக்குப் போவார். திடீரென்று ஒரு நாள் படுத்துவிடுவார். மாதக்கணக்கில் எழ மாட்டார். ஊரில் அதற்குச் சோம்பல் என்று பெயர். வேலைக்குப் போகப் பயந்தவன் என்றும் சொல்வார்கள். நாங்களும் அப்படித்தான் கேட்டு வளர்ந்தோம்.

நான் போன நேரம் மாமா படுத்திருக்கும் காலம். வாசல் பக்க அறையில் அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். உள்ளறையில் நான். நடுவில் குசினி, அதாவது சமையலறை. அம்மா ஒரே பானையிலிருந்து இரண்டு கிண்ணங்களில் கஞ்சி ஊற்றி, ஒன்றை அந்த அறைக்கும் ஒன்றை இந்த அறைக்கும் கொண்டு வருவாள். கொஞ்ச நேரம் கழித்து இரண்டையும் பாதிக்குமேல் மிச்சத்தோடு எடுத்துப் போவாள். காலையில் மாதா கோயிலுக்குப் போகும்போது என்னையும் அழைப்பாள். நான் போவேன். முட்டுக்கால் போடுவேன். அம்மா என் பக்கத்தில் உதடு அசைய வேண்டிக்கொண்டிருப்பாள். என்னால் மாதாவிடம் ஒன்றையும் கேட்க முடியவில்லை. கேட்பதற்கு ஏதாவது வேண்டும் என்ற எண்ணம் தேவைப்படுகிறது. எனக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

ஒரு விடியற்காலை, விழிப்பு வந்து படுக்க முடியாமல் குசினிக்குப் போனேன். அங்கே மாமா உட்கார்ந்திருந்தார். அவருக்கும் அதே நேரத்தில்தான் விழிப்பு வரும் என்று அப்போதுதான் தெரிந்தது. அம்மா எழுந்து வந்து இரண்டு டம்ளரில் கருப்பட்டிக் காபி போட்டு எங்கள் முன்னால் வைத்தாள். கையில் பிடித்துக்கொண்டிருந்தோம். குடிக்காமலே ஆறிப்போனது. மாமா வலது கையின் பெருவிரலால் மற்ற விரல்களை ஒவ்வொன்றாகத் தேய்த்துக்கொண்டே இருந்தார். குனிந்து பார்த்தால் என் கையும் அதையே செய்துகொண்டிருந்தது. அவருடைய தோள் தொங்கிய விதம், ஒரு சொல் கேட்டால் பதில் வருவதற்குள் ஆகிற நேரம், வெளிச்சம் வர வர முகத்தில் கூடுகிற வேதனை, எல்லாம் என்னுடையவை.

அன்று முழுவதும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். பல வாரங்களுக்குப் பிறகு என் மூளை ஒன்றைப் பிடித்துக்கொண்டு யோசித்தது அதுதான் முதல் முறை. மாமாவின் வாழ்க்கையும் என் வாழ்க்கையும் எந்த இடத்திலும் ஒன்றல்ல. அவருக்கு வேலை இல்லை, குடும்பம் இல்லை, படிப்பு இல்லை. எனக்கு எல்லாம் இருந்தது. வாழ்க்கைதான் காரணம் என்றால் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் விழிப்பு வரக் கூடாது. அவரை எனக்கு நெருக்கமாக்குவது அம்மாவின் பக்கத்து இரத்தம் ஒன்றுதான்.

சாயங்காலம், சற்றுப் பேச முடிகிற நேரத்தில், கணவருக்கு ஃபோன் செய்தேன்.

"எனக்கு ஒரு மனநல டாக்டரப் பாக்கணும்."

"நா நாளைக்கு லீவு போட்டுட்டு வாரேன்" என்றார்.

தூத்துக்குடியில் அவர் அழைத்துப்போன டாக்டர் என்னைவிட வயதில் இளையவர், மெல்லிய குரல். என் கதையை நான் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தார். பல இடங்களில் வாக்கியம் அறுந்துபோனது, அவசரப்படுத்தவில்லை. பிறகு நேராகக் கேட்டார்.

"செத்துப் போயிரலாம்னு தோணுதா?"

என் கணவர் பக்கத்தில் இருந்தார். மறைக்கவும் எனக்குத் தெம்பு இல்லை. "சாகணும்னு இல்ல டாக்டர். நா இல்லாம இருந்தா எல்லாருக்கும் லேசா இருக்கும்னு தோணும்."

டாக்டர் என் கணவர் பக்கம் திரும்பி, "இத இவங்க சொன்னது நல்லது. இந்த நோய்ல இப்படி நெனப்பு வரும், நோய் எறங்கும்போது அதுவும் எறங்கும். அதுவரைக்கும் இவங்களத் தனியா விடாதீங்க. நெனப்பு கூடுச்சுன்னா அடுத்த விசிட் வரைக்கும் காத்திருக்க வேண்டாம், ஒடனே வந்துருங்க" என்றார்.

"நா ஏதாச்சும் தப்பு செஞ்சிட்டேனா டாக்டர்?"

"இல்ல. ஒங்க மேல ஒண்ணும் இல்ல."

"ரத்தத்துல ஒண்ணும் இல்லன்னு வந்துட்டுதே."

"இந்த நோயக் கண்டுபிடிக்கிற ரத்த டெஸ்ட் இன்னும் வரல. தைராய்டு குறைஞ்சாலும் பி12 குறைஞ்சாலும் ஆள் இதே மாதிரிதான் படுத்துருவாங்க. அது ரெண்டும் இல்லன்னு உறுதி பண்ணத்தான் அந்த டெஸ்ட். நோயே இல்லன்னு அதுக்கு அர்த்தம் கெடையாது."

இதைக் கேட்டதும் எனக்கு ஒரு பெருமூச்சு வந்தது. என் கணவர் தலை குனிந்துகொண்டார்.

எனக்குள் இருந்த ஆசிரியை அந்த நிலையிலும் சாகவில்லை போலும். "செரோடோனின் குறைஞ்சிட்டுன்னு சொல்லப் போறீங்களா?" என்று கேட்டேன்.

டாக்டர் லேசாகச் சிரித்தார். "பாடம் நடத்துறவங்ககிட்ட அப்படிச் சொல்லித் தப்பிக்க முடியாது. அது அவ்வளவு நேரான கணக்கு இல்ல மேடம்."

பிறகு அவர் சொன்னதையும், பின்னாளில் தெளிந்த தலையோடு நானே படித்ததையும் சேர்த்தே இங்கே எழுதுகிறேன். செரோடோனின் குறைவதால் மனச்சோர்வு வருகிறது என்று ஒரு வரியில் சொல்லும் அளவுக்கு ஆதாரம் இல்லை. மருந்து செரோடோனினைக் கூட்டுவது சில மணி நேரத்தில் நடந்துவிடுகிறது, ஆள் தேறுவதற்கோ வாரங்கள் ஆகின்றன. குறைந்ததை நிரப்புவது மட்டும்தான் சிகிச்சை என்றால் இந்தத் தாமதத்துக்கு இடமில்லை. அந்த வாரங்களில் நரம்புகளுக்கு இடையில் புதிய இணைப்புகள் மெல்ல உருவாகின்றன என்றும், அவற்றை வளர்க்கிற ஒரு புரதம் கூடுகிறது என்றும் நினைக்கிறார்கள். ஆபத்து நேரத்தில் உடம்பு சுரக்கும் கார்ட்டிசால் இன்னொரு சங்கதி. அது காலையில் ஏறி, பொழுது சாயச் சாய இறங்க வேண்டும். மனச்சோர்வில் இருக்கிற பலருக்கு இறங்கச் சொல்லும் உத்தரவு மூளையில் சரியாகக் கேட்பதில்லை. ஆபத்து எதுவும் இல்லாதபோதும் உடம்பு ஆபத்திலேயே இருக்கிறது. நினைவைச் சேர்த்துவைக்கும் பகுதி இப்படி நெடுநாள் இருப்பதால் தேய்வதும் உண்டு. பலருக்கு, எல்லாருக்கும் அல்ல.

"இதுக்கு முன்னால பெரிய காய்ச்சல் ஏதும் வந்துச்சா?" என்று டாக்டர் கேட்டார்.

மழைக்குப் பிறகு வந்த காய்ச்சலைச் சொன்னேன்.

"கிருமிய எதிர்க்க ஒடம்பு அனுப்புற பொருள்கள் மூளையையும் தொடும். காய்ச்சல்ல படுத்திருக்கும்போது பசி இல்ல, யாரையும் பாக்கப் பிடிக்கல, எழும்ப மனசில்ல, இது எல்லாருக்கும் வாரதுதான். சிலருக்குக் காய்ச்சல் போன பிறகும் அது போகாம நின்னுரும். ஒங்களுக்கு அதான் ஆரம்பிச்சு வச்சதான்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியாது. இருக்கலாம்."

"வீட்டுல வேற யாருக்கும் இருக்கா?" என்று அடுத்துக் கேட்டார். நான் மாமாவைச் சொன்னேன். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "எத்தன வருசமா இருக்கு? மருந்து ஏதும் சாப்பிடுதாரா?" என்றார்.

"அது சோம்பல்னு நெனச்சிட்டு இருந்தாக."

முதலில் கொடுத்த மாத்திரை எனக்குச் சேரவில்லை. குமட்டல், கை நடுக்கம், பலன் எதுவும் இல்லை. வாரங்கள் போயின. இதுவும் உதவாது என்று நான் மறுபடி சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டேன். டாக்டர் மருந்தை மாற்றினார். கூடவே, ஒவ்வொரு காலையும் வெயில் ஏறும் முன் கடற்கரைச் சாலையில் நடக்க வைக்கும்படி என் கணவரிடம் சொன்னார். வேலைக்குப் போகும் முன்னும், சில நாட்களில் வேலை முடிந்து தூங்காத கண்ணோடும், அவர் என்னைக் கையைப் பிடித்து நடக்க வைத்தார். நான் நின்றால் அவரும் நிற்பார்.

முதலில் திரும்பி வந்தது சந்தோஷம் இல்லை. டாக்டரைப் பார்த்துவிட்டு டவுன் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். மீன்பிடித் துறைமுகம் பக்கம் கருவாடு காயப்போட்டிருந்தார்கள். ஜன்னல் வழியாக வீசிய நாற்றத்தில் சட்டென்று முந்தானையால் மூக்கைப் பொத்தினேன். கடற்கரையில் பிறந்தவளுக்கு இது என்ன புது வழக்கம் என்று என்மேலேயே எரிச்சல் வந்தது. அடுத்த நிறுத்தம் வந்த பிறகுதான் உறைத்தது: எனக்கு ஒன்று பிடிக்காமல் இருந்திருக்கிறது. அத்தனை மாதமும் எதுவும் பிடிக்காமலும் இல்லை, பிடித்தும் இல்லை. வீட்டுக்குப் போய் அவரிடம் சொன்னேன். கருவாட்டு நாற்றத்துக்கு இவ்வளவு மகிழ்ந்த மனிதரை நான் பார்த்ததில்லை.

கல்லூரிக்குப் போக ஆரம்பித்தேன். கொஞ்சம் கொஞ்சமாகத்தான். தெளிவு வர வர மாமாவின் நினைப்பு என்னை விடவில்லை. நானும் என் கணவரும் மணப்பாட்டுக்குப் போனோம். மாமா இன்னும் அதே அறையில்தான் இருந்தார். தாடி வளர்ந்து எலும்பாகியிருந்தார்.

"மாமா, எங்ககூட தூத்துக்குடிக்கு வாங்க. டாக்டரப் பாத்துட்டு வந்துருவோம்."

"எனக்கென்ன பைத்தியமா?"

"எனக்கும் அதே சீக்குதான் மாமா. நா பைத்தியமா?"

அவர் திரும்பிப் பார்த்தார். என்னை அப்போதுதான் பார்க்கிறவர்போல. "நீ எழும்பிட்டியாளா?" என்றார்.

"எழும்பிட்டேன்."

"நா இனிமே என்னத்துக்கு எழும்ப?"

அம்மாதான் உள்ளே வந்து, "ஏலே, எனக்காவ எழும்புலே" என்றாள். அவர் எழுந்தார். தம்பியை அவள் அப்படிக் கேட்டதே இல்லை என்று பிறகு சொன்னாள். திட்டியிருக்கிறாள், அழுதிருக்கிறாள், அவன் பங்குச் சோற்றைப் பூட்டிவைத்தும் பார்த்திருக்கிறாள்.

குடும்பத்தில் ஒருவருக்கு ஒத்துக்கொண்ட மருந்து இன்னொருவருக்கும் ஒத்துக்கொள்ளும் வாய்ப்பு உண்டு என்று சொல்லி, இதயத்தைச் சோதித்த பிறகு, எனக்குக் கொடுத்த மருந்தையே டாக்டர் மாமாவுக்கும் கொடுத்தார். மாமா எங்கள் வீட்டிலேயே தங்கினார். எனக்கு ஆனதைவிட மெதுவாகத்தான் ஆனது. ஒரு நாள் தானே சவரம் செய்துகொண்டார். பிறகு ஒரு நாள், என் கணவர் வேலை முடிந்து வந்தபோது, எந்த நாட்டுக் கப்பல் வந்திருக்கிறது, எத்தனை டன் என்று விசாரித்தார். என் மகள் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தபோது அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மாம்பழம் நறுக்கிக் கொடுத்தார்.

அவர் நன்றாகத் தேறிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து எங்கள் வீட்டு மாடியில் நின்றுகொண்டிருந்தார். அங்கிருந்து துறைமுகத்தின் கிரேன்கள் தெரியும். நான் துணி காயப்போட ஏறினேன்.

"மருமவளே, இந்த மருந்து புதுசா வந்ததா?"

"இல்ல மாமா. ரொம்ப வருசமா இருக்கு."

"நா கப்பல்ல இருந்து வந்தப்பவே இருந்துச்சா?"

பொய் சொல்லியிருக்கலாம். "இது இல்லன்னாலும் இதப்போல வேற மருந்து இருந்துச்சு மாமா" என்றேன்.

அவர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். "எனக்குப் பேசி வச்சிருந்த பொண்ணு ஒண்ணு இருந்தா. ஒனக்குத் தெரியாது. இடிந்தகரைக்காரி. நா படுத்துக் கெடந்தப்ப அவ அப்பா வந்து பாத்துட்டு ஒண்ணும் சொல்லாமப் போயிட்டாரு." பெருவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து ஒரு மாத்திரை அளவு காட்டினார். "இம்புட்டுதானாளா? இத்தினிக்காண்டு மாத்திரைக்கா என் சீவியம் போச்சு?"

மாத்திரை மட்டும் இல்லை, அப்போது கொடுத்திருந்தாலும் சேராமல் போயிருக்கலாம், என்றெல்லாம் சொல்லலாம். உண்மையும்கூட. நான் சொல்லவில்லை. ஈரத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் நின்றேன். அவர் அழுதார். படுத்திருந்த காலங்களில் அவர் அழுது யாரும் பார்த்ததில்லை. அழுவதற்கும் உடம்பு கொஞ்சம் தேற வேண்டியிருக்கிறது.

ஊருக்குத் திரும்பிய பிறகு, நன்றாகத்தானே இருக்கிறது என்று மாத்திரையை அவராகவே நிறுத்திவிட்டார். பனி மாதத்தில் மறுபடி படுத்தார். இந்தத் தடவை அம்மா சோம்பல் என்று யாரையும் சொல்லவிடவில்லை. மறுநாளே டாக்டரிடம் கூட்டி வந்தாள். திரும்பவும் வாரங்கள், திரும்பவும் காத்திருப்பு. எழுந்தார். இப்போது மாத்திரை டப்பா அம்மாவின் அலமாரியில் இருக்கிறது. நானும் சாப்பிடுகிறேன். ஒரு முறை டாக்டர் சொல்லி மெல்லக் குறைத்துப் பார்த்தோம். காபியின் மணம் விலகத் தொடங்கியதுமே ஓடிப்போய்ச் சொல்லிவிட்டேன்.

மகள் இப்போது கல்லூரியில் இருக்கிறாள். ஒரு முறை விடுமுறைக்கு வந்தபோது, எங்கள் வீட்டுக்கு வந்திருந்த மாமாவும் நானும் ஒரே மருந்தை ஒரே செம்புத் தண்ணீரில் விழுங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாமா போன பிறகு கேட்டாள்.

"எனக்கும் வருமாம்மா?"

"வரலாம். வராமலும் போகலாம்."

"ஜீன்ல இருந்தா வந்துதான தீரும்?"

"இது ஒத்த ஜீன்ல வார நோய் இல்ல. எத்தனையோ ஜீன், ஒவ்வொண்ணும் கொஞ்சூண்டு. அதுல எது ஒனக்கு வந்திருக்கோ, அதுக்கு மேல ஒன் வாழ்க்கையில என்ன நடக்குமோ. ஒண்ணு மட்டும் எனக்குத் தெரியும். வந்தா ஒனக்கு அது என்னன்னு தெரியும். எங்களுக்குத் தெரியல."

அவள் சமாதானமானாளா என்று தெரியாது. தலையாட்டினாள்.

சென்ற பெரிய விடுமுறையில் மணப்பாட்டில் இருந்தேன். அம்மா குசினியில் உட்கார்ந்து பாறை மீன் செதில் எடுத்துக்கொண்டிருந்தாள். வாசலில் மாமா யாருடனோ பேசிச் சிரிக்கிற சத்தம் கேட்டது. அம்மா கத்தியை நிறுத்தினாள்.

"நானும் அவனும் ஒரே வயித்துலதான் பொறந்தோம். அவனுக்கு இருக்கு. எனக்குப் பொறந்த ஒனக்கு இருக்கு. எனக்கு மட்டும் ஏன்ளா வரல?"

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். பிறந்த பிள்ளைகள் எல்லாருக்கும் ஒரே பங்கு வருவதில்லை, வந்தாலும் எல்லார் உடம்பிலும் அது விழித்துக்கொள்வதில்லை, ஏன் என்று இன்னும் முழுதாகத் தெரியாது. பாடம் நடத்துவதுபோல்தான் இருந்தது. அவள் கேட்டுக்கொண்டே மீனைக் கழுவினாள்.

"அடுத்தாப்ல டாக்டர்ட்ட எப்ப போறிய?"

"மாமாவுக்கு அடுத்த வாரம்."

"நானும் வாரேன். எங்க அப்பாவப் பத்தி அந்த டாக்டர் புள்ளைகிட்டச் சொல்லணும்."

அம்மாவின் அப்பா அவள் சிறு பெண்ணாக இருந்தபோதே கடலில் போய்விட்டார் என்பதுதான் எனக்குத் தெரிந்தது. எங்கள் கரையில் அப்படிப் போனவர்கள் எத்தனையோ பேர். யாரும் அதற்குமேல் கேட்பதில்லை.

டாக்டர் முன்னால் அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தாள். மாமா அவள் பக்கத்தில். நான் பின்னால் நின்றேன்.

"எங்க அப்பாவும் படுத்துருவாரு டாக்டர். வள்ளம் கரையில கெடக்கும், இவரு வீட்டுல கெடப்பாரு. அம்மா ஏசுவா. ஒரு நா விடியக் காலம்பற தனியா எழும்பிப் போனாரு. வலையும் எடுக்கல, ஆளையும் கூப்புடல. கடல் எடுத்துட்டுன்னு சொன்னாக." அம்மா தம்பி பக்கம் திரும்பவில்லை. "அன்னைக்குக் கடல் கொளம் மாதிரி கெடந்துச்சு. நா பாத்தேன்."

மாமா அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் தெரியாது.

"இத இவ்வளவு நாளா யார்கிட்டயும் சொல்லலையாம்மா?" என்று டாக்டர் கேட்டார்.

"யாரும் கேக்கல" என்றாள் அம்மா.

திரும்பும்போது அவர்களைப் பஸ் ஏற்றிவிடப் போன நான், என்னவோ மனம் கேட்காமல் நானும் ஏறிவிட்டேன். அம்மா ஜன்னலோரத்தில் உட்கார்ந்தாள். திருச்செந்தூர் தாண்டியதும் அம்மா தன் அப்பாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். நோயைப் பற்றி இல்லை. அவர் நல்லபடியாக இருந்த நாட்களில் பாய்மரத்தை எவ்வளவு வேகமாக ஏற்றுவார், கூனிறாலைப் பொரித்து வைத்தால் எப்படி விரும்பித் தின்பார், பிள்ளைகளை எந்தச் செல்லப் பெயர்களில் கூப்பிடுவார் என்று சொல்லிக்கொண்டே வந்தாள். மாமா ஒவ்வொன்றுக்கும், "அப்படியாக்கா?" "அப்படியாக்கா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அப்பா போனபோது அவர் கைக்குழந்தை. ஊர் வருகிறவரை அம்மா நிறுத்தவில்லை.